பழைய மோட்டார் படகின் எஞ்சின் பிளாக்கில் விரிசல்: கண்டுபிடிப்பது முதல் திரும்ப ஓடவிடுவது வரை

ஆயில் அளவுக் குச்சியை உருவுகிறீர்கள். தேன் நிறத்திலோ கருப்பாகவோ இருக்கவேண்டிய ஆயில் பால் கலந்ததுபோல வெளிறிப்போய், குச்சியின் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. எஞ்சினில் ஆயில் தானாகக் கூடாது. கூடியிருக்கிறது என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இதைப் பார்த்ததும் பலர் வாயில் வருவது ஒரே வார்த்தைதான்: பிளாக் போச்சு. சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சினின் வார்ப்பு உடல்தான் பிளாக்.

அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வரவேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆயிலில் தண்ணீர் சேர நாலைந்து வழிகள் உண்டு. பிளாக் விரிவது அவற்றில் ஒன்று. நிஜமாகவே விரிந்திருந்தாலும், விரிசல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த எஞ்சின் பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்ல முடியும். இடம் தெரியாமல் செய்யும் செலவு தண்ணீரில் போட்ட காசு.

இங்கே நான் பேசுவது படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றி: 3.0 லிட்டர் நான்கு சிலிண்டர், 4.3 லிட்டர் வி6, 5.0, 5.7 லிட்டர் வி8 போன்றவை. மெர்க்குரூசர், வால்வோ பென்டா, ஓஎம்சி என்று பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும், பழைய படகுகள் பலவற்றில் அடியில் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் இந்த பிளாக்குகள்தான். படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டார்கள் அலுமினியம். அந்தக் கதை வேறு.

பிளாக் ஏன் விரிகிறது

முதல் காரணம் உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பழைய படகுகளில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையோ கடல் தண்ணீரையோ நேராக உறிஞ்சி பிளாக்குக்குள் ஓடவிட்டு வெளியே தள்ளுபவை. குளிர்காலத்துக்கு முன் அந்தத் தண்ணீரை முழுக்க வடிக்காமல் விட்டால், வாட்டர் ஜாக்கெட்டில் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் இடைவெளி) தேங்கியது உறைந்து வார்ப்பிரும்புச் சுவரைப் பிளக்கும். வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகத் தெரியும் பித்தளை மூடிகள் உறையும்போது பிதுங்கி வெளியேறி பிளாக்கைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவை அதற்காக வைத்தவை அல்ல. வார்க்கும்போது உள்ளே இருந்த மணல் அச்சை வெளியே எடுக்க விட்ட துளைகளின் மூடிகள் அவை. சில நேரம் பிதுங்கும், சில நேரம் அவை அசையாமலிருக்க பக்கத்துச் சுவர் பிளக்கும். மூடி பிதுங்கியிருப்பதைப் பார்த்து "தப்பித்தோம்" என்று நினைக்காதீர்கள். உள்ளே உறைந்ததற்கு அது சாட்சி.

இரண்டாவது, அதிகச் சூடு. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கிழிந்து எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தால் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) வால்வுகளுக்கு நடுவிலும், பிளாக்கின் மேல்தளத்திலும் விரிசல் விழும். மூன்றாவது, உப்புத் தண்ணீர் பல ஆண்டுகள் அரித்துச் சுவரை மெலிதாக்கிவிடுவது. இந்த மூன்றாவது வகைக்கு மருந்து இல்லை. ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த இடம் விடும்.

முதல் வேலை: சாவியைத் தொடாதீர்கள்

"ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே" என்ற ஆசைதான் மிச்சமிருக்கும் எஞ்சினையும் கெடுக்கும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பிஸ்டனை மேலே தள்ளினால் கனெக்டிங் ராடு வளையும்.

பேட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் ஆவி வெளியேறும்வரை காற்றாட விடுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள். துருப்பிடித்த பிளக், அசாதாரணமாகப் பளபளவென்று கழுவிவிட்டதுபோல இருக்கும் பிளக், இரண்டுமே அந்த சிலிண்டருக்குத் தண்ணீர் போயிருப்பதைச் சொல்கின்றன. அப்புறம் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கப்பியின் போல்ட்டில் பெரிய ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீச்சும்.

அளவுக் குச்சி போகும் குழாய் வழியாகப் பம்பு வைத்து ஆயிலை உறிஞ்சி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணுரை படிந்து, பாட்டிலில் தண்ணீர் பிரியவே இல்லை என்றால் அது வெறும் ஈரப்பதம். எஞ்சின் சரியாகச் சூடேறாமல் கொஞ்சநேரமே ஓடினால் அப்படிப் படியும்.

பழுது பார்ப்பதற்கு நாளாகும் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுற்றிவிட்டு, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பிலும் புது ஆயில் ஊற்றிவையுங்கள். தண்ணீர் கலந்த ஆயிலோடு ஒரு மாதம் கிடக்கும் எஞ்சினில், விரிசலை அடைத்த பிறகும் பேரிங்கும் ரிங்கும் துருவினால் போயிருக்கும்.

கண்ணால் தேடுவது

ஒரு டார்ச், குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடி, கம்பி பிரஷ் போதும். உறைபனி விரிசல் பெரும்பாலும் பிளாக்கின் பக்கவாட்டுச் சுவரில், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே, அந்தப் பித்தளை மூடிகளின் வரிசையை ஒட்டி நீளவாக்கில் ஓடும். பெயின்ட் முடி இழைபோலத் தூக்கியிருக்கும். அதற்குக் கீழே துருக்கறை கண்ணீர்போல வழிந்திருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டும், ஏனென்றால் உறைந்த தண்ணீர் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளி ஓர் உதட்டை உயர்த்தியிருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார், எஞ்சின் மவுன்ட், ஃபில்டர் ஆகியவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் இடங்களையும் விடவேண்டாம். அவற்றைக் கழற்றிப் பார்ப்பது அரைமணி நேர வேலைதான்.

வெளியே எதுவும் தெரியவில்லை, ஆனால் ஆயிலில் தண்ணீர் இருக்கிறது என்றால் வி6, வி8 எஞ்சின்களில் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் வரிசையாக நிற்கும் நடுப்பள்ளம். அங்கே விரிந்தால் தண்ணீர் நேராக ஆயிலில் விழும்.

பிளாக்கைக் குற்றம் சொல்வதற்கு முன்: மேனிஃபோல்டு

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு 5.7 லிட்டர் எஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டும். வாங்கும்போதே "பிளாக் விரிந்தது, இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆயில் பால் நிறம். பின்பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் தண்ணீர். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றி, வாயைக் கட்டையால் அடைத்து, அதன் தண்ணீர்ப் பாதையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு நிற்கவைத்தேன். காலையில் புகை போகும் பாதையின் உள்சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஈரம், அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. மேனிஃபோல்டையும் அதன் மேலே உள்ள புகைக் குழாயான ரைசரையும் மாற்றினேன், ஆயிலை நாலு முறை மாற்றினேன். அந்த பிளாக் அதற்குப்பின் பல சீசன் ஓடியது.

உப்புத் தண்ணீரில் ஓடும் படகில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கும் ரைசருக்கும் ஐந்தாறு ஆண்டுதான் நம்பிக்கையான ஆயுள். ஓட்டை விழுந்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்குகளைக் கடந்து ஆயிலில் சேரும். பிளாக் விரிசலின் அத்தனை அறிகுறியும் அப்படியே வரும். அதனால் மேனிஃபோல்டுகளைத் தனியாகச் சோதிக்காமல் பிளாக்கைப் பற்றி யார் தீர்ப்புச் சொன்னாலும் ஏற்கவேண்டாம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டையும் கணக்கில் வையுங்கள்: கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்தாற்போலக் குறைவாகக் காட்டினால் முதல் சந்தேகம் கேஸ்கெட் மேல்தான்.

காற்றழுத்தச் சோதனை

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். மற்றதெல்லாம் ஊகம், இது உண்மையைச் சொல்லும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளைப் பிரித்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் தண்ணீர் வால்வு) கூட்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்கள், சுழற்சிப் பம்புக்கு வரும் பெரிய ஹோஸ், வடிகால் துளைகள் என்று தண்ணீர் போக, வர உள்ள எல்லா வாயையும் ரப்பர் அடைப்பான் போட்டு கிளாம்ப்பால் இறுக்குங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது உள்ளேயே பாதையை மறிக்கும். ஒரு வாயில் மட்டும் 30 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரையும், டயருக்குக் காற்றடிக்கும் வால்வையும் பொருத்துங்கள். சைக்கிள் பம்பு போதும். பெரிய கம்ப்ரஸர் வேண்டாம். 15 பிஎஸ்ஐ வரை அடியுங்கள், 20ஐத் தாண்டாதீர்கள். அடைப்பான் பிய்த்துக்கொண்டு பறக்கலாம் என்பதால் அதற்கு நேர் எதிரே முகத்தை வைக்கக்கூடாது.

இப்போது கால்மணி நேரம் மீட்டரைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் பிளாக்கும் ஹெட்டும் இப்போதைக்குச் சரி. இறங்கினால், முதலில் உங்கள் அடைப்பான்கள் மேலேயும் பம்பு சீல் மேலேயும் சோப்புத் தண்ணீர் தடவி அங்கே விடவில்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் சுற்றிலும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து ஒவ்வொரு துளையாகக் கேளுங்கள். பிளக் துளையில் சீறல் கேட்டால் அந்த சிலிண்டரின் சுவர், ஹெட் அல்லது கேஸ்கெட். ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் நடுப்பள்ளம், இன்டேக் கேஸ்கெட் அல்லது சிலிண்டரின் கீழ்ப்பகுதி. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்டேக் பக்கம். வெளிச்சுவரில் சோப்புத் தண்ணீர் தடவினால் விரிசல் நெடுக நுண்குமிழிகள் வெண்ணூல் கோத்ததுபோல எழும்பும்.

ஆயில் வாயில் சத்தம் வந்தால் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுங்கள். ஹெட்டில் திறந்திருக்கும் தண்ணீர்ப் பாதைகளை ரப்பர் ஷீட் வைத்த தகடுகளால் மூடி, மறுபடியும் காற்றடியுங்கள். கசிவு நின்றுவிட்டால் குற்றவாளி இன்டேக் கேஸ்கெட்தான். நிற்காவிட்டால் நடுப்பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

ஒரு சில விரிசல்கள் குளிர்ந்த நிலையில் மூடிக்கொண்டு, சூடேறினால்தான் வாய் திறக்கும். சோதனையில் தேறியும் ஆயில் கெட்டுக்கொண்டே இருந்தால் வாட்டர் ஜாக்கெட்டில் கொதிநீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்து வடித்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.

விரிசலின் முனை எங்கே

இடம் தெரிந்ததும் அதன் முழு நீளம் தெரியவேண்டும். வெல்டிங் சாமான் விற்கும் இடங்களில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பொடியும் தனித்தனி ஸ்பிரேயாகக் கிடைக்கும். இரும்பு மின்னும்வரை தேய்த்து, சாயத்தை அடித்து 15 நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசலுக்குள் பதுங்கிய சாயம் சிவப்புக் கோடாக மேலே எழும். இரு முனைகளையும் பஞ்ச் வைத்துத் தட்டிக் குறியிடுங்கள். கண்ணால் பார்த்த கோட்டைவிட இது எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்.

தீர்ப்பு

வெளிப் பக்கச்சுவரில் மட்டும் விரிசல் இருந்தால், இரும்பும் தடிமனாக இருந்தால், சரிசெய்யலாம். நான் தயங்கமாட்டேன். சிலிண்டர் சுவரில் இருந்தால் அந்த ஒரு சிலிண்டரை போரிங் செய்து (குடைந்து அகலமாக்கி) உள்ளே ஸ்லீவ் என்ற புது உருளையை இறக்கலாம், ஆனால் எஞ்சினை முழுக்கப் பிரிக்கவேண்டும்; பிளாக் கிடைப்பதற்கு அரிதானது என்றால் மட்டும் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. நடுப்பள்ளத்து விரிசல் இரண்டுங்கெட்டான்: அடைக்க முடியும், ஆனால் அடைப்பு விட்டுப்போனால் தண்ணீர் நேராக ஆயிலுக்குள் போகும், நீங்கள் கரையிலிருந்து தூரத்தில் இருக்கும்போதுதான் அது தெரியவரும். பின்னால் சொல்லும் தைப்பு முறையில் மட்டுமே அதை நம்புவேன். கிராங்க் உட்காரும் பகுதியில் விரிசல் இருந்தால் பிளாக்கை விட்டுவிடுங்கள். மேல்தளத்தில் போல்ட் துளையிலிருந்து சிலிண்டர்வரை ஓடினாலும் அப்படித்தான். ஹெட்டில் மட்டும் என்றால் வேறு ஹெட் வாங்குவது சுலபம்.

வெளிச்சுவரை அடைப்பது

இரும்புத்தூள் கலந்த இரண்டு பகுதி எப்பாக்சிப் பசை இந்த இடத்தில் உண்மையிலேயே வேலை செய்யும். வெளித் தண்ணீரில் ஓடும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே திறப்பது வழக்கம், தண்ணீரின் அழுத்தமும் குறைவு. எஞ்சினுக்குள் தனித் திரவம் சுற்றி, அதை வெளித் தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் குளிர்விக்கும் மூடிய அமைப்பில் மூடியின் அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறும்; அங்கே பசையை அவ்வளவாக நம்பமாட்டேன்.

விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள். விரிசல் மேலும் ஓடாமல் அது தடுக்கும். நெடுக வி வடிவப் பள்ளமாகச் சுவரின் பாதி ஆழத்துக்கு அரைத்து, உயர்ந்த உதட்டைச் சமப்படுத்துங்கள். இருபுறமும் மூன்று செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட்டை நீக்கி, கரடுமுரடான உப்புத்தாளால் தேய்த்துக் கீறலாக விடுங்கள். வழவழப்பான இரும்பில் பசை பிடிக்காது.

அடுத்தது பொறுமை வேண்டிய கட்டம். வார்ப்பிரும்பு பஞ்சுபோல எண்ணெயையும் தண்ணீரையும் குடித்து வைத்திருக்கும். அசிட்டோனால் துடையுங்கள், கழுவிய ஆவி முழுக்கப் போன பிறகு சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்குங்கள், விரிசலிலிருந்து ஈரம் வியர்த்து வெளியே வரும், மறுபடியும் அசிட்டோன். ஐந்தாறு முறை ஆனாலும் சரி, வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள். பிடிக்காமல்போன பசை வேலைகளில் நான் பார்த்தவை எல்லாம் இந்த இடத்தில் அவசரப்பட்டவைதான்.

வாட்டர் ஜாக்கெட்டின் ஒரு வாயில் வாக்யூம் கிளீனரின் குழாயை வைத்து மற்ற வாய்களை அடைத்துவிடுங்கள். இரும்பு லேசாக வெதுவெதுப்பாக இருக்கும்போது பசையைத் தடவினால் உறிஞ்சலில் அது விரிசலுக்குள்ளேயே இழுபடும். பள்ளத்தை நிரப்பி, சுற்றிலும் மேலே ஒரு பட்டையாக இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். மெதுவாக இறுகும் வகைதான் சூடு தாங்கும். ஒரு முழு நாள் தொடாமல் விட்டு, மறுபடியும் 15 பிஎஸ்ஐ சோதனை.

தைப்பு முறை இதைவிட உறுதியானது. விரிசல் நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, அதற்கென்றே செய்த திருகாணிகளை ஒன்றோடொன்று மேலேறும்படி இறக்கி வெட்டிவிடுவார்கள். சூடே இல்லாத வேலை என்பதால் பிளாக் கோணாது. நல்ல கைத்தேர்ச்சி உள்ள பட்டறையில் கொடுங்கள்.

வெல்டிங்? வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் கார்பன் இருக்கிறது. வெல்டு சீக்கிரம் ஆறினால் அதை ஒட்டிய இரும்பு கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு மாறி, பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். பிளாக் முழுவதையும் உலையில் சூடாக்கி வெல்டு செய்து, மெல்ல மெல்ல ஆறவிட்டு, பிறகு மறுபடியும் கடைசல் பிடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யட்டும். படகுக்குள் வைத்து யாரும் வெல்டிங் செய்ய அனுமதிக்காதீர்கள். அடியில் பெட்ரோல் ஆவி தங்கும்.

ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பு மருந்துகளை வாங்கவேண்டாம். வெளித் தண்ணீர் எஞ்சினில் ஊற்றியது ஒரே சுற்றில் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போய்விடும்.

பிளாக்கை மாற்றுவதாக இருந்தால்

கார் எஞ்சினை அப்படியே தூக்கி வைக்கலாம் என்பார்கள். அடிப்படை வார்ப்பு ஒன்றாக இருந்தாலும் படகு எஞ்சினில் மூடிகள் பித்தளை, ஹெட் கேஸ்கெட் துருத் தாங்கும் வகை, கேம்ஷாஃப்டும் வேறு. உயிர் சம்பந்தப்பட்ட வேறுபாடு இன்னொன்று: படகின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை, படகுக் கார்புரேட்டர் வழிந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயே போகும். காரின் பாகங்களை அங்கே வைத்தால் படகு தீப்பிடிக்கலாம். ஆகவே பிளாக்கை மட்டும் மாற்றி, மற்றவற்றைப் பழைய எஞ்சினிலிருந்தே எடுத்துப் பொருத்துங்கள்.

5.0, 5.7 லிட்டர் வி8 வாங்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். 1986இல் கிராங்க்கின் பின்பக்க சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. அதற்கு முன், பின் எஞ்சின்களின் ஃப்ளைவீல் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரட்டை எஞ்சின் படகில் ஒன்று எதிர்த்திசையில் சுழலும் வகையாக இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள். ஸ்டெர்ன் டிரைவ் உள்ள படகில் எஞ்சினைத் தூக்கும் முன் பின்னால் உள்ள டிரைவைக் கழற்றவேண்டும். திரும்ப வைக்கும்போது, எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் கம்பி பேரிங் வழியாக ஒரு விரல் தள்ளலில் போய்வரும்வரை மவுன்ட்டுகளைச் சரிசெய்யுங்கள்.

திரும்ப ஓடவிடுதல்

விலை குறைந்த ஆயிலும் புது ஃபில்டரும் போட்டு, தண்ணீர்க் குழாயை இணைத்து, காற்றோட்ட விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்ட பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் இம்பெல்லர் உடனே கருகும். பத்து நிமிடம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பால் நிறம் போகும்வரை, மூன்று நான்கு முறை. அப்புறம்தான் நல்ல ஆயில். முதல் சில பயணங்களில் கரையை விட்டுத் தூரம் போகாமல், ஒவ்வொரு முறையும் குச்சியைப் பாருங்கள். பின்னால் படகை விற்பதாக இருந்தால் அடைத்த இடத்தைக் காட்டிச் சொல்லி விற்கவேண்டும்.

அடுத்த குளிர்காலம்

வி6, வி8 பிளாக்கின் இருபுறமும் ஒவ்வொரு வடிகால் திருகு, மேனிஃபோல்டுகளில் ஒவ்வொன்று. திருகைக் கழற்றியதும் தண்ணீர் வரவில்லை என்றால் காலியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. துருவும் மணலும் துளையை அடைத்திருக்கும். பழைய எஞ்சின்கள் விரிவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குத்துங்கள். முதலில் துருச்சேறு வரும், அப்புறம் தண்ணீர் கொட்டும். சுழற்சிப் பம்பின் பெரிய ஹோஸையும் கீழே இறக்கி வடியுங்கள்.

வடிக்காமலே உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்சவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். எஞ்சின் சூடேறாதபோது தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். திரவம் பிளாக்குக்குள் போகாமல் மேனிஃபோல்டு வழியாக வெளியேறிவிடும், பிளாக்கில் நிற்பது பழைய தண்ணீர்தான். வடித்த பிறகு, பம்பு ஹோஸ் வழியாக பிளாக்குக்குள் நேராக ஊற்றுங்கள். நச்சு குறைந்த புரொப்பிலீன் கிளைகால் வகை, ஏனென்றால் வசந்தத்தில் அது தண்ணீரில் கலக்கப்போகிறது. கழற்றிய திருகுகளை எண்ணி ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள், அடுத்த சீசனில் சாவியைத் திருப்பும் கை முதலில் அந்தப் பையைத் தொடும்.